இருவர்க்கோர் இருக்கை

(பழைய மாணவர் இருவர்)

மோட்டார் சைக்கிளொன்றைக் காண்பவர் முதலில் அதன் எஞ்சினை நோக்குவர். அடுத்துப் பெட்ரோல் டாங்கின் நிறத்தையும் அதன்மேல் ஓடும் பொன்னிறக் கோட்டையும் நோக்குவர். சிலர் புகைக்குழாயின் ஒலிக்குச் செவிசாய்த்துத் தலையசைப்பர். இருக்கையை மட்டும் எவரும் நோக்குவதில்லை, அதன்மேல் அமர்ந்துவிடுவர். அமர்ந்தபின் அது கண்ணுக்குப் புலப்படாமை இயல்பேயன்றோ? இங்ஙனம் எவராலும் நோக்கப்படாத பழைய இருக்கையொன்றைப் புதுப்பிக்கப் புகுந்து யாம் பட்ட பாட்டையும், அதனாற் பெற்ற பாடத்தையும் நம் கல்லூரி மலரின் வாசகர்க்கு எடுத்துரைத்தல் தகும் எனக் கருதி இதனை எழுதலாயினோம். ஈண்டு 'யாம்' என்றது பெருமை பற்றி வந்த பன்மை அன்று. அண்ணனும் தம்பியுமாகிய இருவர் யாம். வெவ்வேறு ஆண்டுகளில் இக்கல்லூரியிற் பயின்றவர். ஆயினும் ஒரே வண்டியின் ஒரே பின்னிருக்கையில் அமர்ந்து இதன் வாயிலுக்கு வந்தவர்.

எமது இல்லம் கோவிலம்பாக்கத்தில் உள்ளது. மேடவாக்கம் செல்லும் பெருஞ்சாலையில், கீழ்க்கட்டளைக்கும் நன்மங்கலத்திற்கும் இடைப்பட்ட ஊர் அது. இன்று பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ரேடியல் சாலை அவ்வூர் வழியே செல்கின்றது. இரவும் பகலும் வண்டிகளின் ஓசை ஓய்வதில்லை. எம் இளமைக்காலத்திலோ ஏரியும் வயலுமே எம் கண்ணெதிரே இருந்தன. பேருந்து எப்போது வரும் என்பது எவர்க்கும் தெரியாத புதிராகவே இருந்தது. எம் அன்னையார் தாம்பரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்தார். முதல் மணி அடிக்கும் முன் அவர் வகுப்பில் இருத்தல் வேண்டும். ஆதலால் எம் தந்தையார் 1979ஆம் ஆண்டில், ஐந்தாண்டு ஓடிய புல்லட் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினார்.

அவ்வண்டியின் குலவரலாற்றைச் சிறிது கூறுவோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரும், சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் கூடி 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தினர். அதன் தொழிற்சாலை வடசென்னையில் திருவொற்றியூரில் அமைந்தது. தொடக்கத்திற் கப்பலில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினர். பின்னர்ப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றனர். 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். தாய்நாட்டில் அக்கம்பெனி 1970ஆம் ஆண்டளவில் மறைந்தொழிந்தது. தத்துப் பிள்ளையாகிய சென்னையிலோ அவ்வண்டி வழக்கொழியாது தொடர்ந்தது. 1994ஆம் ஆண்டில் ஐஷர் கம்பெனியார் அதனைத் தம்முடையதாக்கிக்கொண்டனர். இன்று எம் ஊருக்குத் தென்மேற்கே ஒரகடத்திலும் அப்பெயர் தாங்கிய தொழிற்சாலை இயங்குகின்றது.

இருக்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. பழைய மோட்டார் சைக்கிள்களில் ஓட்டுநர்க்கு மட்டுமே மெய்யான இருக்கை இருந்தது. மிதிவண்டியின் சேணத்தை ஒத்து, அடியில் இரு சுருள்வில்கள் தாங்க, அது தனித்து நின்றது. உடன் வருபவர்க்குப் பின்சக்கரத்தின் மட்கார்டின்மேல் ஒரு சிறு மெத்தை வைத்துக் கட்டப்பட்டது. விருந்தினர்க்குத் திண்ணையில் இடம் கொடுத்தல் போன்றதே அஃது என்க. டன்லப் கம்பெனியார் 1929ஆம் ஆண்டில் ரப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கும் முறையைக் கண்டனர். அதன்பின் சுருள்வில் இல்லாமலே மென்மையான இருக்கை அமைத்தல் எளிதாயிற்று. இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில், ஓட்டுநரும் உடன் வருபவரும் ஒரே மெத்தையில் அமரும் நீண்ட இருக்கை பரவலாயிற்று. அதனைக் கடைத்தெருவில் 'டபுள் சீட்' என்பர். எம் தந்தையார் வாங்கிய வண்டியில் இருந்ததும் இதுவே.

நிற்க. எம் தந்தையார் 2003ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார். வண்டி மாடிப்படியின் கீழ் ஒதுங்கிற்று. யாரோ ஒருநாள் பாட்டரியை எடுக்கவேண்டி இருக்கையைக் கழற்றித் தரையில் வைத்தனர். வைத்தவர் திரும்பப் பூட்டவில்லை. கழற்றிய நட்டுகளும் எங்கோ போயின. அப்படி வைத்தவர் எம் இருவருள் ஒருவரே என்பதில் ஐயமில்லை. எவர் என்பதில்தான் இன்றுவரை வழக்கு உளது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருமழையில் எம் தெருவில் முழங்காலளவு நீர் நின்றது. வண்டியின் சக்கரங்கள் மட்டுமே நனைந்தன. தரையிற் கிடந்த இருக்கையோ நாள்முழுதும் நீரில் ஊறிற்று.

சென்ற ஆண்டு எம் அன்னையார்க்கு எழுபத்திரண்டு வயது நிறைந்தது. வேண்டுவது யாது எனக் கேட்டோம். பட்டும் வேண்டா, பயணமும் வேண்டா என்றவர் சற்று நேரம் கழித்து, "அந்த வண்டியில் ஒரு தடவை தாம்பரம் வரை போய்வர வேண்டும்" என்றார். அத்துணைதான். அச்சொல்லைத் தலைமேற்கொண்டு எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்தோம், வண்ணம் பூசினோம், பதிவைப் புதுப்பித்தோம். இவற்றுக்கெல்லாம் ஏழு மாதங்கள் ஆயின. இருக்கையை இறுதிக்கென ஒதுக்கினோம். அது தையற்காரர் வேலை, இரண்டு நாளில் முடியும் என்பது எம் எண்ணம்.

இருக்கையைப் பிரித்தபோதே எம் எண்ணம் பிழையெனக் கண்டோம். மேலே இருந்தது சிவப்பு ரெக்சின். அதன்கீழ் ஒரு பச்சை ரெக்சின். அதற்கும் கீழே வெள்ளைப் பைப்பிங் தைத்த கறுப்பு ரெக்சின். கிழிந்ததோறும் பழையதைக் களையாமல் அதன்மேலேயே புதியதைப் போர்த்தியிருந்தனர். கறுப்பைக் கண்டவுடன் எமக்குப் பள்ளிக்கூட நாட்களும், பச்சையைக் கண்டவுடன் கல்லூரி நாட்களும் நினைவிற்கு வந்தன. உறைகளை நீக்கியபின் மெத்தை மாவாய் உதிர்ந்தது. அதன் அடியில் இருந்த தென்னைநார் அடுக்கு இன்னும் ஈரவாடை வீசிற்று. நாருக்கும் அடியில் இருக்கையின் எலும்பு என்னத்தக்க இரும்புத் தகடு. அதன் நடுப்பகுதி துருவேறிச் சல்லடைக்கண்ணாய்க் கிடந்தது. நார் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீரை எளிதில் விடாது. அந்நீர் நாளெல்லாம் தகட்டைத் தின்னும். மேலுறை கிழியாது பளபளத்த காலத்தும் அடியில் அழிவு நடந்துகொண்டே இருந்தது என உணர்ந்தோம்.

பல்லாவரத்தில் சீட் கவர் தைக்கும் முதியவர் ஒருவர் உளர். அவரை அனைவரும் 'பாய்' என்றே அழைப்பர். இருக்கையைச் சுமந்துகொண்டு அவரிடம் சென்றோம். அடுத்துள்ள குரோம்பேட்டையின் பெயர்க்காரணத்தை அன்று அவர் வாயிலாகவே கேட்டு மகிழ்ந்தோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பார், குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறையை முயன்று பார்த்தார். பின்னர் அம்முறையைக் கைக்கொண்டு எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரே அவ்வூர்க்கு ஆயிற்று. "இத்தனை தோல் விளைந்த ஊரில் இருந்துகொண்டு நீர் ரெக்சின் தைப்பது ஏன்?" என வினவினோம். பாய் நகைத்து, "தோல் அழகுதான் தம்பி, ஆனால் வெயிலில் வெடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்கும். வெளியே நிற்கிற வண்டிக்கு ரெக்சின்தான் நியாயம்" என்றார். துணியின்மேற் பூச்சுப் பூசித் தோல்போலத் தோன்றச்செய்ததே ரெக்சின். போலியாயினும் மழைக்குப் பொறுத்துப் போவது அதுவே.

அவர் எமக்கு மூன்று கட்டளைகள் இட்டார். பழைய உறையை எறிதல் கூடாது; தையலைப் பிரித்துத் துண்டுதுண்டாக்கினால் அதுவே புதிய உறைக்கு அளவு. தகட்டைச் சீர்செய்து கொண்டுவந்தாலன்றி அவர் ஊசியைத் தொடமாட்டார். மூன்றாவதை எழும்போது கூறினார்: "துணியும் ஃபோமும் என் பொறுப்பு, நட்டு போல்ட்டு உங்கள் பொறுப்பு." முதலிரண்டையும் கருத்திற் கொண்டோம்; மூன்றாவதை உபசார மொழியாகக் கொண்டோம்.

தகட்டுக்கே மூன்று வாரம் சென்றது. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, நல்ல இரும்பு தெரியுமிடம் வரை கண்டோம். சல்லடையாய்ப் போன பகுதியை வெட்டி நீக்கி, அவ்வளவிலேயே புதுத் தகடு வெட்டி, வெல்டிங் பட்டறையில் பற்றவைத்தோம். ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைப்பின் மெல்லிய தகடு சூட்டினால் நெளியும். ஆதலின் இங்கொரு புள்ளி, எதிரே ஒரு புள்ளி என மாற்றி மாற்றி வைத்து, இடையிடையே ஆறவிட்டார் பட்டறைக்காரர். பின்னர் ரெட் ஆக்ஸைடு இருமுறையும், கறுப்பு வண்ணம் இருமுறையும் பூசினோம். புகுந்த நீர் வெளியேறத் தாழ்ந்த இடங்களிற் சிறு துளைகளும் இட்டோம்.

பாய் தம் பணியைத் தொடங்கியபோது யாம் அருகிருந்து கண்டோம். தென்னைநாரை ஒழித்து முழுதும் ஃபோமே வைத்தார். அடியில் இறுகியதும் மேலே மென்மையானதுமாக இரண்டு அடுக்கு. இறுகியது உடலின் பாரத்தைத் தாங்கும். மென்மையானது சாலையின் சிறு அதிர்வைத் தாங்கும். ஒன்றே போதும் என நினைப்பார், பத்துக் கல் சென்றபின் உண்மை உணர்வர் என்றார். ஃபோமை ஒட்டிய பிறகு கத்தியாற் சீவிச் சீவி வடிவு கொணர்ந்தார். ஓட்டுநர் இடம் சற்றே தாழ்வு, பின்னிடம் சற்றே மேடு. அதன்மேல் மெல்லிய பாலிதீன் தாளைப் போர்த்தினார். தையற்கண் வழியே இறங்கும் மழைநீரை அது தடுக்கும். தைத்த உறையை உச்சி வெயிலில் அரைமணி நேரம் காயவிட்டு, சூட்டினால் இளகியிருக்கும்போதே இழுத்து, தகட்டின் ஓரத்துப் பற்களில் மாட்டினார். மாலையில் உறை குளிர்ந்து சுருங்கி, மத்தளத் தோல்போல் விறைத்து நின்றது. வெள்ளைப் பைப்பிங் ஓடிய அக்கறுப்பு இருக்கையைக் கண்டபோது, எம் தந்தையார் வெளியே சென்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும் காலைப்பொழுது மீண்டதாகவே உணர்ந்தோம்.

இனி எம் பிழையைக் கூறுவோம். எமது வண்டியில் இருக்கையின் முன்புறத்தில் நாக்குப்போன்ற ஒரு தகடு சட்டத்தின் கொக்கியுட் புகும். பின்புறத்தில், இருக்கைத் தகட்டோடு பற்றவைத்த இரு ஸ்டட்டுகள் மட்கார்டைத் தாங்கும் கம்பியின் துளைகளுள் இறங்கும். கீழிருந்து நட்டுப் போட்டு இறுக்கவேண்டும். நட்டுகள் தொலைந்தமையின், ஸ்டட்டை அளவுகோலால் அளந்து, 8 மில்லிமீட்டர் எனக் கண்டு, கடையில் அவ்வளவு நட்டு இரண்டு வாங்கினோம். இரண்டு சுற்று எளிதில் ஏறின. அதன்பின் கையால் ஏறவில்லை. ஸ்பேனரால் முழுவலியும் கொண்டு திருகினோம். 'இனி இடியே விழினும் அசையாது' என ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம். இருக்கைக்கு மெழுகு தடவித் துடைத்தோம், ஒளிப்படமும் எடுத்தோம்.

மறுநாட் காலை அன்னையார்க்குத் தலைக்கவசம் அணிவித்தோம். அவர் பழைய வழக்கப்படி ஒருபுறமாகச் சாய்ந்தமர்ந்தார். எம்முள் ஒருவர் ஓட்ட, மற்றவர் வேறொரு வண்டியிற் பின்தொடர்ந்தோம். எம் தெருமுனை வேகத்தடை வரை யாவும் இனிதே நடந்தன. தடையின்மேல் முன்சக்கரம் ஏறி இறங்கிற்று. பின்சக்கரம் ஏறியபோது இருக்கையின் பின்புறம் மேலே எழும்பி, ஸ்டட்டுகள் துளையை விட்டு விலக, இடப்புறமாகச் சாய்ந்தது. அன்னையார் சரிந்து தரையில் விழுந்தார். வண்டி நடையளவே சென்றதாலும், கையை ஊன்றியதாலும் பெரிய தீங்கு நேரவில்லை. உள்ளங்கை சிராய்ந்து குருதி கசிந்தது. பின்னால் லாரியொன்று வரும் பெருஞ்சாலை அங்கிருந்து இருபது கெச தூரந்தான். அதனை நினைக்கும்போது இன்றும் எம் உடல் நடுங்குகின்றது.

அவர் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. வீட்டிற்கு வந்து, கையைக் கழுவி மருந்திட்டபின், மெல்லக் கூறினார்: "உங்கள் அப்பா தினமும் நான் ஏறுவதற்கு முன் சீட்டைப் பின்னால் பிடித்து ஒரு தடவை அசைத்துப் பார்ப்பார். நீங்கள் துடைத்துப் பார்த்தீர்கள்."

அன்றிரவு எமக்கு உணவு செல்லவில்லை. மறுநாள் பழைய மெக்கானிக் ஒருவரிடம் நட்டுகளையும் இருக்கையையும் கொண்டுசென்று காட்டினோம். அவர் விரலால் ஸ்டட்டைத் தடவியவுடனே கண்டுகொண்டார். ஆங்கிலேயர் வகுத்த அளவில் அது ஓரங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அஃதாவது 7.94 மில்லிமீட்டர். எட்டுக்கும் அதற்கும் உள்ள வேற்றுமை தலைமயிரின் அளவே. எம் அளவுகோல் அதனைக் காட்டாது. மரையிலோ வேற்றுமை பெரிது. எம் ஸ்டட்டின் மரை ஓரங்குலத்திற்கு 26 சுற்று. கடையில் வாங்கிய நட்டின் மரை ஏறத்தாழ 20 சுற்று. முதற் சுற்றுகளில் இரண்டும் இணைவது போலத் தோன்றும். பின்னர் ஒன்றோடொன்று மோதும். மேலும் திருகினால் நட்டு ஸ்டட்டின் மரையை அறுத்துக்கொண்டே ஏறும். யாம் வலிமை என்று எண்ணி மகிழ்ந்த அவ்விறுக்கம், மரை அறுபட்ட இறுக்கமே. "நட்டு இறுகுகிறதா, கடிக்கிறதா என்று கைக்குத் தெரிய வேண்டும் தம்பி. முக்கால்வாசி விரலாலேயே ஏற வேண்டும், ஸ்பேனர் கடைசிக்குத்தான்" என்றார் அப்பெரியவர். கற்ற கல்வியெல்லாம் ஒருபுறமிருக்க, இச்சிறு மொழி எம் நெஞ்சில் ஆணியடித்தாற்போல் நின்றது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, இருசக்கர வண்டியில் ஓட்டுநரையன்றி ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்றும், அவர் ஓட்டுநர்க்குப் பின்னே உறுதியாகப் பொருத்தப்பட்ட தக்க இருக்கையில் அமர்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. அடுத்த ஆண்டில் வந்த விதிகள், பின்னமர்வோர்க்குக் கைப்பிடியும் கால்தாங்கியும் வேண்டும் என்றும், அவர் ஆடை சக்கரத்திற் சிக்காவண்ணம் பின்சக்கரத்திற் பாதியேனும் மறைக்கும் காப்பு வேண்டும் என்றும் கூறுகின்றன. எம் தந்தையார் சட்டம் படித்தவரல்லர். ஆயினும் அவ்விதிகள் வருவதற்குப் பல்லாண்டு முன்னரே, எம் அன்னையாரின் சேலைத் தலைப்பை எண்ணிப் பட்டறையொன்றிற் கம்பி வளைத்துச் செய்த காப்பு இன்றும் அவ்வண்டியின் இடப்புறத்தில் உளது. சட்டம் சொல்வதை அன்பு முன்னரே செய்துவைத்தது.

பழுதான ஸ்டட்டுகளை அறுத்தெறிந்து, லேத் பட்டறையிற் புதியன கடைந்து பற்றவைத்தோம். அவற்றுக்கு இசைந்த நட்டுகளைத் தேடிப் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைத் தெருக்களில் ஒரு பகல் முழுதும் அலைந்து பெற்றோம். இம்முறை நட்டுகள் விரலாலேயே ஏறின. கீழே ரப்பர் புஷ், அதன்பின் வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு என முறைப்படி வைத்து இறுக்கினோம். ஐம்பது கல் தொலைவு வெறும் வண்டியாய் ஓட்டிப் பார்த்தோம். பின்னிருக்கையில் மணல்மூட்டையை வைத்துக் கட்டி, வேகத்தடைகளை வேண்டுமென்றே தேடிச்சென்று ஏற்றியிறக்கினோம். தெருவார் எம்மைப் பித்தர் என நினைத்திருப்பர், நினைக்கட்டும்.

அடுத்த ஞாயிறன்று வண்டியை வாயிலில் நிறுத்தினோம். அன்னையார் மீண்டும் ஏறுவரோ என்னும் ஐயம் எமக்கிருந்தது, கேட்கவும் நாணினோம். அவர் படியிறங்கி வந்தார். எம் முகத்தை நோக்கவில்லை. ஆறிய தழும்புடைய கையால் இருக்கையின் பின்புறத்தைப் பற்றி ஒருமுறை நன்றாக அசைத்தார். அது அசையவில்லை. தலைக்கவசத்தைத் தாமே அணிந்து ஏறி அமர்ந்தார்.

நன்மங்கலத்துக் காட்டோரமாகச் சென்று, மேடவாக்கத்திற் றிரும்பித் தாம்பரம் அடைந்தோம். அவர் முன்பு பணியாற்றிய பள்ளியின் வாயிலில் சற்று நின்றோம். பின்னர், 1937ஆம் ஆண்டில் நகரத்தை விட்டு இங்குக் குடிபுகுந்த நம் கல்லூரியின் மரநிழலுக்கு வந்து இளைப்பாறினோம். யாம் இருவரும் முதல் நாள் இறங்கிய அதே வாயில், அதே வண்டி. இறங்கும்போது அன்னையார், "பின்னால் கொஞ்சம் மேடாக வைத்திருக்கிறார் பாய், முன்பைவிட வசதி" என்றார். எமக்குக் கிடைத்த பட்டங்களுள் இதனை ஒன்றாகவே கொள்கின்றோம்.

மாணவ அன்பர்காள்! ஓட்டுபவன் தன் முன்னே உள்ள சாலையைத் தானே காண்கின்றான். பின்னே அமர்ந்தவர் அவன் முதுகையன்றி யாதும் காணார். அவர் நம்புவது அவனையும், அவன் நேற்றிரவு குனிந்து இறுக்கிய இரண்டு நட்டுகளையுமே. நும்மை நம்பிப் பின்னே அமர்வோர் பலர் நாளை வருவர். அவர் ஏறும் முன் இருக்கையை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். துடைப்பது பிறகு ஆகலாம்.